குழாய்க்குள் பனி: இழுவை வீடுகளின் கதை

1919-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் டாம்பாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்றொரு சங்கம் தொடங்கியது. காரில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு குளிருக்குத் தப்பித் தெற்கே வந்தவர்கள். தண்ணீரெல்லாம் கேனில்தான். குழாயே இல்லை, வெடிக்குமோ என்ற கவலையும் இல்லை!

1936-ல் வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் தன் தண்ணீரைத் தானே சுமந்தது. விலை 1,200 டாலர். இப்படி வீட்டோடு தண்ணீரும் நகர ஆரம்பித்ததும் பனிக்காலம் பிரச்சினையானது. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். (ஃப்ரீசரில் வைத்த கண்ணாடி பாட்டில் உடைந்ததைப் பார்த்திருப்பீர்களே.) வேடிக்கை என்னவென்றால், பனிக்கட்டி இருக்கும் இடத்தில்தான் குழாய் பிளக்கும் என்றில்லை. பனிக்கட்டிக்கும் மூடிய திருகுக்கும் நடுவே சிக்கிய நீரின் அழுத்தமே பெரும்பாலும் பிளக்கிறது. அதனால்தான் தண்ணீரை வடித்தபின் திருகுகளைத் திறந்தே வைக்கிறார்கள்.

எவ்வளவு வடித்தாலும் பம்பிலும் வளைவுகளிலும் கொஞ்சம் தங்கிவிடும். அதற்குத்தான் உறைதடுப்புத் திரவம். 1927-ல் பிரெஸ்டோன் என்ற பெயரில் கார்களுக்கு வந்தது எத்திலீன் கிளைக்கால். ரேடியேட்டருக்கு அருமையான பொருள். ஆனால் இனிக்கும் விஷம், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். குடிநீர்க் குழாயில் ஊற்றவே கூடாது. அதன் உறவுக்கார ரசாயனமான டைஎத்திலீன் கிளைக்கால், 1937-ல் ஒரு மருந்தில் கரைப்பானாகக் கலக்கப்பட்டு அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது, பலர் குழந்தைகள். மறு வருடமே புதிய மருந்துச் சட்டம் வந்தது.

இழுவை வீட்டுக் குழாய்க்கென விற்கும் இளஞ்சிவப்புத் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கால். உணவிலேயே சேர்க்க அனுமதி உள்ள பொருள். நிறத்தை மட்டும் நம்பாமல் லேபிளையும் படிக்க வேண்டும். அப்படியும், வசந்தம் வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான் குடிக்கிறார்கள்.