லாடெக்கில் பக்க முறிப்பு

பக்க முறிப்பு என்பது ஓர் ஆவணத்தின் உரை ஒரு பக்கத்தில் நின்று அடுத்த பக்கத்தில் தொடரும் இடத்தைக் குறிக்கும். டெக் என்பது டொனால்ட் குனூத் 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணினி அச்சுக்கோப்பு முறைமை ஆகும். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் உருவாக்கிய கட்டளைத் தொகுதியே லாடெக். இவற்றில் ஆசிரியர் உரையினூடே குறிகளை எழுதுகிறார். பக்கங்களை மென்பொருளே பிரிக்கிறது. அப்பிரிப்பு மனநிறைவு தராதபோது ஆசிரியர் அதில் தலையிடவும் வழியுண்டு.

பக்கம் உருவாகும் முறை

டெக் ஒரு பத்தியை வரிகளாகப் பிரிக்கும்போது பத்தி முழுவதையும் ஒருசேர ஆராய்ந்து மிகச் சிறந்த பிரிப்பைத் தேர்கிறது. பக்கங்களுக்கு இவ்வாறு செய்வதில்லை. அக்காலக் கணினிகளின் நினைவகத்தில் பல பக்கங்களைத் தேக்கிவைக்க இயலாமையே இதற்குக் காரணம். ஆதலால் ஒரு பக்கத்திற்குப் போதுமான வரிகள் சேர்ந்தவுடன் அதுவரை கண்ட முறிப்பிடங்களுள் விலை குறைந்ததைத் தேர்ந்து, அப்பக்கத்தை வெளியேற்றிவிடுகிறது. பின்வரும் பக்கம் எவ்வளவு கெட்டாலும் முன்னதைத் திருத்தாது. நினைவகம் மலிந்த பின்னரும் இம்முறை மாறவில்லை.

தண்டமும் குறைமதிப்பும்

ஒரு முறிப்பிடத்தின் விலை பெரும்பாலும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகையாகும். பக்கத்தை நிரப்ப இடைவெளிகளை எவ்வளவு இழுக்கவோ நெருக்கவோ வேண்டியுள்ளது என்பதைக் காட்டுவது குறைமதிப்பு. அவ்விடத்தில் முறிப்பது எவ்வளவு விரும்பத்தகாதது என்பதைக் காட்டுவது தண்டம். தண்டம் 10000 எனில் அங்கு முறிப்பு முற்றிலும் தடுக்கப்படும். எதிர்ம 10000 எனில் கட்டாயமாக்கப்படும்.

பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனித்து நிற்பதை ஆங்கில அச்சாளர் கைம்பெண் என்பர். முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் தனித்து நிற்பதும் குறையே. (செருமானிய அச்சகங்களில் அதன் பெயர் சக்கிலியப் பையன் என்னும் பொருள்படும்.) இவ்விரண்டுக்கும் லாடெக் விதிக்கும் இயல்பான தண்டம் 150 மட்டுமே.

இது போதாமல் போவதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். வரிகள் 12 பாயிண்ட் இடைவெளியில் அமைந்த ஒரு பக்கத்தில், தலா 1 பாயிண்ட் நீளக்கூடிய நான்கு பத்தி இடைவெளிகள் மட்டுமே உள்ளன என்க. தனிவரியைத் தவிர்க்க ஒரு வரி முன்னதாக முறித்தால், 4 பாயிண்ட் நீட்சியைக் கொண்டு 12 பாயிண்ட் வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். விகிதம் 3, அதன் கனம் 27, அதை நூறால் பெருக்கக் கிடைக்கும் குறைமதிப்பு ஏறத்தாழ 2700. தனிவரியை அனுமதித்தாலோ விலை 150 தான். ஆகவே தனிவரி தோன்றுவது மென்பொருளின் பிழையன்று. கொடுத்த கணக்கை அது சரியாகவே செய்திருக்கிறது. தண்டத்தை 10000 ஆக உயர்த்தினால் தனிவரி மறையும், ஆனால் பக்கத்தின் இடைவெளிகள் அசிங்கமாக அகலும். ‘ராக்டுபாட்டம்’ கட்டளை இடைவெளிகளை இழுக்காமல் வெற்றிடத்தைப் பக்கத்தின் அடியில் விட்டுவிடும். கட்டுரை வகுப்பை ஒருபக்க அச்சிற்குப் பயன்படுத்துகையில் இதுவே இயல்பு.

கட்டளைகள்

எல்லாக் கட்டளைகளும் பின்சாய்வுக் கோட்டுடன் தொடங்கும். ‘நியூபேஜ்’, ‘பேஜ்பிரேக்’ ஆகிய இரண்டையும் ஒன்றெனக் கருதிப் பலர் இடர்ப்படுகின்றனர். முன்னது பத்தியை அங்கேயே முடித்து, எஞ்சிய பக்கத்தை வெறுமையாக விடும். பின்னது பத்தியின் நடுவே வந்தால் அவ்வரி நிறைந்த பிறகே முறிக்கும். பக்க அடிகள் சமனாக்கப்படும் நூல்களில் எஞ்சிய வரிகளைப் பக்கம் முழுதும் இழுத்துப் பரப்பிவிடும். இதற்கு 0 முதல் 4 வரை ஓர் எண்ணும் தரலாம். 4 கட்டளை, அதற்குக் குறைந்தவை வேண்டுகோள்கள். ‘நோபேஜ்பிரேக்’ இதன் எதிர்மறை.

இருபத்தி அமைப்பில் ‘நியூபேஜ்’ அடுத்த பத்திக்கே செல்லும். புதிய பக்கம் வேண்டுமெனில் ‘கிளியர்பேஜ்’ தேவை. அச்சிடப்படாமல் காத்திருக்கும் படங்களையும் அட்டவணைகளையும் முதலில் வெளியிட்டுவிட்டே அது நகரும். இருபக்க அச்சில் அடுத்த ஒற்றைப்படைப் பக்கத்திற்குச் செல்ல ‘கிளியர்டபுள்பேஜ்’ உள்ளது. வெற்றுப் பக்கம் வேண்டி ‘நியூபேஜ்’ கட்டளையை இருமுறை எழுதுவதால் பயனில்லை. இடையில் ஒரு வெற்றுப் பெட்டியேனும் இருக்க வேண்டும்.

1994 இல் வெளிவந்த லாடெக் 2ஈ பதிப்பில் உள்ள ‘என்லார்ஜ்திஸ்பேஜ்’ ஒரு பக்கத்தை மட்டும் ஓரிரு வரிகள் நீட்டவோ குறைக்கவோ உதவும். நூலில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே அளவில் மாற்றுவது நல்லது. இல்லாவிடில் விரித்த நூலில் அடிவிளிம்புகள் ஏறியிறங்கி நிற்கும். ‘லூஸ்னெஸ்’ மூலம் ஒரு நீண்ட பத்தியை ஒரு வரி கூட்டிக் கொள்வது பெரும்பாலும் வாசகர் கண்ணுக்கே தெரியாது. லுவாடெக்கில் இயங்கும் லுவா-விடோ-கன்ட்ரோல் என்னும் பொதி இவ்வேலையைத் தானே செய்கிறது.

கையால் முறித்தல்

கட்டாய முறிப்பு அந்நேரத்து உரைக்கு மட்டுமே பொருந்தும். முந்நூறு பக்க ஆய்வேட்டின் 12 ஆம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்தால், 15 ஆம் பக்கத்தில் இட்ட ‘நியூபேஜ்’ ஒரு வரி மட்டுமே கொண்ட பக்கத்தை உண்டாக்கக்கூடும். எனவே எழுத்துரு, ஓரம், படங்கள் யாவும் உறுதியான பின்னரே, முதற்பக்கத்திலிருந்து வரிசையாக இம்முறிப்புகளை இட வேண்டும். இடையில் தேவைப்பட்டால் ‘நீட்ஸ்பேஸ்’ பொதி ஏற்றது: தலைப்புக்குக் கீழே இத்தனை வரிகளுக்கு இடமில்லை எனில் மட்டும் அது முறிக்கும்.

படங்களுள்ள ஆவணம் முழுவதற்கும் சிறந்த முறிப்புகளைக் கணினியே தேர்வது எளிதன்று. குனூத்தின் மாணவர் மைக்கேல் பிளாஸ் 1981 இல் இசுடான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில், இச்சிக்கலின் சில வடிவங்கள் என்பி-முழுமை வகையைச் சேர்ந்தவை என நிறுவினார்.