சரிகையும் நங்கூரமும்: விக்டோரியா காலக் கடற்படைச் சின்னங்களை இனங்காணல்

விக்டோரியா அரசியின் ஆட்சிக்கால (1837–1901) பிரிட்டிஷ் கடற்படைக் கோட்டு ஒன்று கையில் கிடைத்தால், முதலில் பார்க்க வேண்டியது அதன் கைநுனி. அதிகாரிகளுக்குத் தங்கச் சரிகை வளையங்களும், மேல் வளையத்தில் ஒரு சிறு சுழியும் 1856இல் வந்தன. அப்போது லெப்டினன்டுக்கு ஒன்று, கமாண்டருக்கு இரண்டு, கேப்டனுக்கு மூன்று. 1861இல் ஒற்றை வளையம் சப்-லெப்டினன்டுக்குப் போக, மேலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடியது. ஆகவே இரட்டை வளையம் 1861க்கு முன் கமாண்டரைக் குறிக்கும். பின் லெப்டினன்டைக் குறிக்கும். வளையத்தை எண்ணிய மாத்திரத்தில் பதவியைச் சொல்லிவிடுவது பெரும்பிழை. எட்டாண்டு பணிமூப்புள்ள லெப்டினன்டுக்கு 1877 முதல் நடுவே மெல்லிய அரை வளையமும் உண்டு.

சுழி, கப்பலை நடத்தும் பிரிவினருக்கே உரிய பெருமையாக இருந்தது. மற்றவர்களுக்கு 1863இல் வளையங்களுக்கிடையே வண்ணத்துணி வந்தது: பொறியாளருக்கு ஊதா, மருத்துவருக்குச் சிவப்பு, கணக்கருக்கு வெள்ளை. மருத்துவர்கள் சுழியைப் பெற்றது 1918இல்தான். சுழியும் செந்துணியும் சேர்ந்திருக்கும் கோட்டு விக்டோரியா காலத்ததாக இருக்க முடியாது. முழு உடைக் கோட்டின் முகப்புத்துணி சிவப்பாயிருந்தால் அது 1830க்கும் 1843க்கும் இடைப்பட்டது. அந்தச் சிவப்பு நான்காம் வில்லியம் கொண்டுவந்தது. 1843இல் வெள்ளை திரும்பியது.

பொத்தானில் கயிறு சுற்றிய நங்கூரத்தின் மேல் கிரீடம் 1812இல் ஏறியது. விக்டோரியா காலக் கிரீடத்தின் வளைவுகள் பெரும்பாலும் நடுவில் தாழ்ந்திருக்கும்; 1901க்குப் பின் அவை உயர்ந்து வட்டமாயின. இரண்டாம் எலிசபெத் காலத்தில் தாழ்ந்த வளைவு மீண்டும் வந்ததால் கிரீடத்தை மட்டும் நம்பக்கூடாது. பொத்தானைத் திருப்பிப் பின்புறத்தில் பொறித்த தயாரிப்பாளர் பெயரையும் முகவரியையும் படித்து, லண்டன் வணிகக் கையேடுகளோடு ஒப்பிட வேண்டும். பொத்தான்கள் ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாக மாறக்கூடியவை என்பதால், இதுவும் துணைச் சான்றே.

மாலுமிகளின் சின்னங்கள் எளியவை. 1827இல் முதல்தரப் பெட்டி ஆபிசருக்குக் கிரீடமும் நங்கூரமும், இரண்டாம் தரத்தவருக்கு வெறும் நங்கூரமும் இடக்கையில் தரப்பட்டன. ஒற்றை நங்கூரம் பின்னர் லீடிங் சீமனுக்குரியதாயிற்று. நன்னடத்தைப் பட்டைகள் 1849இலும், மாலுமிகளுக்கான பொதுச் சீருடை 1857இலும் வந்தன.

துணியையும் நூலையும் நிதானமாகப் பார்த்தால் கிடைக்கும் தகவல் ஏராளம். நூல் புற ஊதா ஒளியில் பளிச்சென நீலமாக ஒளிர்ந்தால் அது பிற்காலத் தையல் என்று ஐயப்படலாம். அத்தகைய ஒளிர்வூட்டிகள் இருபதாம் நூற்றாண்டில் வந்தவை. சரிகை இருந்த இடத்தில் கருநீலம் வெளுக்காமல் ஒரு பட்டையாய்த் தெரியும். ஓரங்களில் ஊசித்துளைகள் வரிசையாய் நிற்கும். அதிலிருந்து சரிகை இடம் மாறியதையும், பதவி உயர்ந்த சுவட்டையும் கண்டுகொள்ளலாம்.

உள்பையில் தையற்காரர் சீட்டும் உடையவர் பெயரும் எஞ்சியிருந்தால் தேடல் எளிது. 1814 முதல் வெளிவரும் ‘நேவி லிஸ்ட்’ அதிகாரிகளின் பெயரையும் பதவியையும் தரும். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘ஏடிஎம் 196’ வரிசையில் அதிகாரிகளின் பணிப்பதிவுகளும், ‘ஏடிஎம் 188’ வரிசையில் 1873 முதலான மாலுமிப் பதிவுகளும் உள்ளன. கைநுனி காட்டும் பதவியும் அப்பதிவிலுள்ள ஆண்டும் பொருந்தினால், கோட்டு யாருடையது என்பது பெரும்பாலும் உறுதியாகிவிடும்.