ஆண் இயக்குநீரும் நுண் ஆர்.என்.ஏ.வும்: புரோஸ்டேட் புற்றுநோய் ஆய்வு வரலாறு

புரோஸ்டேட் புற்றுநோய் ஆண் இயக்குநீரைச் சார்ந்து வளர்வது என்பதனை 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் ஆகியோர் நிறுவினர். விதைநீக்கம் செய்யப்பெற்ற அல்லது ஈஸ்ட்ரோஜன் செலுத்தப்பெற்ற நோயாளிகளின் குருதியில் ஆசிட் பாஸ்படேஸ் குறைந்தமையே அவர்கள் காட்டிய சான்று. ஹக்கின்ஸ் 1966இல் நோபல் பரிசு பெற்றார். எனினும், தணிந்த நோய் பெரும்பாலும் மீண்டது. இயக்குநீர் நீக்கப்பட்ட பின்னரும் கட்டி எங்ஙனம் வளர்கிறது?

விடையின் ஒரு கூறு, எவரும் எதிர்பாராத வகையில், ஒரு மில்லிமீட்டர் நீளமே உடைய உருளைப்புழுவிலிருந்து வந்தது. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவினர் அதனிடத்து லின்-4 என்னும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்தனர். அது புரதமாக மாறுவதில்லை. பிற மரபணுவின் வெளிப்பாட்டைத் தடுக்கிறது. புழுவுக்கே உரிய விந்தையென ஒதுக்கப்பட்ட இச்செய்தி, 2000இல் லெட்-7 மனிதரிடத்தும் காணப்பெற்ற பின்னரே மதிப்புற்றது.

இவ்விரு வரலாறுகளும் 2009இல் தெளிவாகச் சந்தித்தன. ஆண்ட்ரோஜன் ஏற்பி, மிர்-21 என்னும் நுண் ஆர்.என்.ஏ.வின் முன்னியக்கிப் பகுதியில் பிணைந்து அதன் உற்பத்தியைப் பெருக்குவதாக ஓர் ஆய்வு காட்டியது. அம்மூலக்கூறு மட்டும் மிகுவிக்கப்பட்டபோது, விதைநீக்கப்பட்ட எலிகளிலும் கட்டி வளர்ந்தது. ஏவிய இயக்குநீர் இல்லாதபோதும் ஏவப்பட்டது அதன் பணியைத் தொடரக்கூடும் என்பதே இதன் பொருள். ஆயினும் இஃது எலிச் சோதனையின் முடிவு; நோயாளியிடத்து நோய் மீள்வதற்கு இஃதொன்றே காரணமெனக் கொள்ளுதல் பொருந்தாது.