உறைபனியில் குழல்வாய்த் துப்பாக்கி: 1841–42 குளிர்காலப் பேரழிவுகளை முன்வைத்து

முன்னுரை

வெடிமருந்துக் காலப் போர்களை ஆராய்வோர் படைபலம், தலைமை, வியூகம் ஆகியவற்றுக்குத் தரும் கவனத்தைப் படைவீரனின் கைவிரல்களுக்குத் தருவதில்லை. குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காலாட்படையின் முதன்மைக் கருவியாக விளங்கியது. கடுங்குளிரில் இக்கருவி எந்த இடத்தில் பயனற்றுப் போயிற்று என்பதை 1841 டிசம்பரில் மேற்குத் திபெத்திலும், 1842 ஜனவரியில் ஆப்கானிஸ்தானத்திலும் நிகழ்ந்த இரு பேரழிவுகள் காட்டுகின்றன. இவ்விரண்டிலும் மடிந்தோருள் பெரும்பாலோர் இந்திய வீரர்களும் படையைச் சார்ந்து சென்ற பணியாளர்களும் ஆவர். அவர்தம் தோல்வியில் குளிருக்கும் துப்பாக்கிக்கும் இருந்த தொடர்பை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துப்பாக்கியின் இயக்கம்

அக்காலத்தில் ஆசியப் படைகளிடம் இருவகைத் துப்பாக்கிகள் பெருவழக்காக இருந்தன. ஒன்று, புகையும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் திரித் துப்பாக்கி. மற்றொன்று, சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசும்போது எழும் பொறியால் பற்றவைக்கும் துப்பாக்கி. கும்பினிச் சிப்பாய்கள் ஏந்தியது இரண்டாம் வகையாகும். சிப்பாய் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, சிறிதளவு மருந்தைக் குழலின் பக்கத்துக் கிண்ணத்தில் இட்டு மூடுவான். எஞ்சிய மருந்தையும் குண்டையும் குழலுக்குள் செலுத்துவான். பின்னர்க் குழலின் அடியில் செருகியுள்ள இரும்புக் கோலை உருவிக் கெட்டித்து, கோலை மீண்டும் செருகி, சுத்தியலை முழுதும் இழுத்துக் குறிபார்ப்பான். நன்கு பயின்றவன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவான். திரித் துப்பாக்கியோ இதனினும் மெதுவானது.

வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கருமருந்து குளிரால் மட்டும் தீப்பற்றும் தன்மையை இழப்பதில்லை. ஈரமே அதன் பகை. பனித்தூள் கிண்ணத்தில் விழுந்து உருகினால் மருந்து நனையும். திரியில் விழுந்தால் கங்கு அணையும். குளிர்ந்த துப்பாக்கியைக் கதகதப்பான கூடாரத்துக்குள் கொண்டுசென்றால் இரும்பின்மேல் நீர் படியும். மீண்டும் வெளியே கொண்டுவந்தால் அந்நீர் உறைந்து விசைப்பொறியை இறுக்கும். விசையில் பூசிய எண்ணெயும் கட்டிப்பட்டுப் பொறியை மந்தமாக்கும்.

எனினும் இவை பெரிதும் முன்னெச்சரிக்கையால் தவிர்க்கத்தக்கவை. விசைப்பொறியைத் தோலால் மூடலாம், எண்ணெயைத் துடைத்துவிடலாம், துப்பாக்கியைக் கூடாரத்துக்கு வெளியிலேயே வைக்கலாம். தவிர்க்க இயலாதது ஒன்றே: மேற்கூறிய செயல்களுள் பெரும்பாலானவை விரல்நுனியின் நுட்பத்தை வேண்டுவன. தோட்டாவைப் பிரிக்கவும் மருந்தைச் சிந்தாமல் இடவும் தடித்த கையுறை இடந்தராது. உறைகுளிரில் வெறுங்கையால் இரும்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால் விரல்கள் விரைவில் உணர்விழக்கும். வாளையோ ஈட்டியையோ மரத்துப்போன கையாலும் ஒருவாறு பற்றிக்கொள்ளலாம். குழல்வாய்த் துப்பாக்கியை அவ்வாறு இயக்க இயலாது.

தோயோ, 1841

ஜம்முவின் குலாப் சிங்கிடம் தளபதியாக இருந்த ஜொராவர் சிங், லடாக்கையும் பல்திஸ்தானையும் வென்றபின் 1841இல் மேற்குத் திபெத்தின்மீது படையெடுத்தார். ருதோக், கார்தோக், தக்லாகோட் ஆகியவை அவர் வசமாயின. ஆனால் குளிர்காலம் வந்து கணவாய்களைப் பனி மூடியதும் படை திரும்பும் வழி அடைபட்டது. தக்லாகோட்டை அடுத்த தோயோவில் 1841 டிசம்பர் 12ஆம் நாள் ஜொராவர் சிங் குண்டடிபட்டு, பின் ஈட்டியால் குத்துண்டு இறந்தார். படை சிதறியது.

1854இல் வெளிவந்த அலெக்சாண்டர் கன்னிங்காமின் லடாக் குறித்த நூல் இப்போர்க்களத்தின் நிலையை விரிவாகக் கூறுகிறது. களம் 15,000 அடிக்கு மேல் அமைந்திருந்தது. பகலிலும் வெப்பநிலை உறைநிலையைத் தாண்டவில்லை. பலர் கைகால் விரல்களின் இயக்கத்தை இழந்திருந்தனர். தீயைவிடப் புகையையே மிகுதியாகத் தரும் முட்புதர் ஒன்றே விறகாகக் கிடைத்தது. ஆகவே சில வீரர்கள் தம் துப்பாக்கிகளின் மரக்கட்டைகளையே எரித்துக் குளிர்காய்ந்தனர். இறுதி நாளில் ஆயுதத்தைக் கையாளக்கூடியவர் படையில் பாதிப்பேர்கூட இல்லை என்கிறது அந்நூல்.

துப்பாக்கிக் கட்டையை எரித்த செயல் இங்குக் கருதத்தக்கது. கையை மீட்காமல் துப்பாக்கியால் பயனில்லை. கையை மீட்கத் துப்பாக்கியைத் தவிர விறகில்லை. ஒழுங்கின்மையாகத் தோன்றும் இச்செயலில் வேறு வழியற்ற நிலையே வெளிப்படுகிறது எனலாம்.

காபூலிலிருந்து பின்வாங்கல், 1842

இதற்கு ஒரு மாதத்திற்குள், 1842 ஜனவரி 6ஆம் நாள், தளபதி எல்ஃபின்ஸ்டன் தலைமையில் ஏறத்தாழ 4,500 படைவீரரும் 12,000 பணியாளரும் குடும்பத்தினரும் காபூலை விட்டுப் புறப்பட்டனர். படைவீரருள் ஐரோப்பியர் ஏறத்தாழ 700 பேர், ஏனையோர் இந்தியர். இரவுகள் பனியின்மேல் கழிந்தன. புறப்பட்ட மூன்றாம் நாள் காலையிலேயே வீரர்கள் துப்பாக்கியைப் பிடிக்கவும் இயலாதவாறு குளிரால் செயலிழந்திருந்ததை, உடன்சென்ற சேல் சீமாட்டியின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது. சிப்பாய்கள் தம் தொப்பிகளையும் உடைகளையும் எரித்துக் குளிர்காய்ந்தமையும் அதில் உள்ளது. அன்று குர்த் காபூல் கணவாயில் மட்டும் ஏறத்தாழ 3,000 பேர் மடிந்தனர். 13ஆம் நாள் கந்தமக் குன்றில் எஞ்சியோரும் வீழ்ந்தனர்.

பழைய குதிரைத் துணிகளைக் கீற்றுகளாகக் கிழித்து, உள்ளூர் மக்களைப்போல் கால்களில் சுற்றிக்கொள்ள வேண்டும் என மேஜர் பாட்டிஞ்சர் புறப்படுவதற்கு முன்பே வற்புறுத்தியதாகவும் அந்நாட்குறிப்பு கூறுகிறது. அந்த யோசனை ஏற்கப்படவில்லை.

எதிர்தரப்பின் துப்பாக்கி

திபெத்தியரும் ஆப்கானியரும் ஏந்தியவையும் குழல்வாய்த் துப்பாக்கிகளே என்பது குறிப்பிடத்தக்கது. திபெத்தியரிடம் கவைக்கால் பொருத்திய திரித் துப்பாக்கியும், ஆப்கானியரிடம் ஜெசாயில் எனும் நீள்குழல் துப்பாக்கியும் இருந்தன. ஒரே குளிர், ஒரே வகை இயக்கம். விளைவு மட்டும் வேறு. ஆட்டுத்தோல் அங்கியும் உணவும் நெருப்பும் அவர்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தன. ஆப்கானியர் பாறை மறைவிலிருந்து, தாம் தேர்ந்த நேரத்தில் சுட்டனர். இரு முறை சுடுவதற்கிடையே கையை அங்கிக்குள் வைத்துக்கொள்ளவும் அவர்களால் முடிந்தது. திறந்த வெளியில் பல இரவுகளைக் கழித்துப் பகலெல்லாம் நடந்த சிப்பாய்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

முடிவுரை

சிப்பாய்கள் மனவுறுதி இழந்தமை காபூல் பேரழிவின் காரணங்களுள் ஒன்றாகப் பேசப்படுவதுண்டு. மேற்காட்டிய சான்றுகள் அக்கருத்தை மறுபரிசீலனைக்கு உரியதாக்குகின்றன. சுட மறுத்தவனையும் சுட இயலாதவனையும் வேறுபடுத்திக் காண்பது வரலாற்றாசிரியனின் கடமையாகும். குளிரில் தோற்றது மருந்துமன்று, துப்பாக்கியுமன்று. கம்பளியும் விறகும் வழங்கப்படாத கைகளே தோற்றன. அப்பொறுப்பு படையை நடத்தியோரையே சாரும். 1842 செப்டம்பரில் ஆங்கிலப் படை மீண்டும் காபூலை அடைந்தபோது, உறைபனியால் விரல்களையும் பாதங்களையும் இழந்து உயிர்பிழைத்திருந்த சிப்பாய்கள் பலர் அங்குக் காணப்பட்டனர். ஜனவரியில் அவர்கள் ஏன் சுடவில்லை என்னும் வினாவிற்கு அந்த உடல்களே விடையாக அமைகின்றன.