ழான் ரிஷோ: புதுச்சேரியில் இரட்டை விண்மீன் கண்ட குரு

ழான் ரிஷோ (1633–1693) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயேசு சபைக் குருவும் வானியலாளரும் ஆவார். ஆல்ஃபா சென்டாரி ஒரே விண்மீன் அன்று, இரட்டை விண்மீன் என்பதை 1689 திசம்பரில் புதுச்சேரியிலிருந்து இவர் கண்டறிந்தார். தொலைநோக்கி கொண்டு இந்தியாவில் செய்யப்பட்ட முதல் வானியல் கண்டுபிடிப்பாக இது கருதப்படுகிறது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் சுமார் 40 கி.மீ. தொலைவில் நடந்த இந்நிகழ்வை இப்பகுதி மாணவர்கள் பலர் அறிந்ததில்லை.

சயாமிலிருந்து புதுச்சேரிக்கு

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, கணிதம் கற்ற இயேசு சபைக் குருக்களைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) அனுப்பினார். கிரகணங்களையும் வியாழனின் நிலவுகளையும் நோக்கி ஊர்களின் தீர்க்கரேகையைக் கணிப்பதும் அவர்கள் பணிகளுள் ஒன்று. 1687-இல் சென்ற குழுவில் ரிஷோ இருந்தார். 1688-இல் அங்கு ஆட்சி கவிழ்ந்து, பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற்றப்பட்டனர். பணியிடத்தை இழந்த ரிஷோ புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தார். அப்போது புதுச்சேரி, பிரெஞ்சுக்காரர்கள் 1674 முதல் குடியேறியிருந்த சிறு வணிகத்தலம். அருகிலிருந்த செஞ்சிக் கோட்டை மராட்டியர் வசம் இருந்தது.

கண்டுபிடிப்பு

1689 திசம்பரில் விடியலுக்கு முன் தென்வானில் ஒரு வால்வெள்ளி தோன்றியது. அதை 12 அடித் தொலைநோக்கியால் ஆராய்ந்தபோது, அருகில் இருந்த ஆல்ஃபா சென்டாரி இரண்டாகப் பிரிந்து தெரிவதைக் கண்டார். அவர் குறிப்புகள் பாரிசு அரச அறிவியல் கழகத்திற்கு அனுப்பப்பட்டன. பாரிசு ஏறத்தாழ 49 பாகை வட அகலாங்கில் இருப்பதால், அங்கு இவ்விண்மீன் அடிவானத்திற்கு மேல் எழுவதே இல்லை. அங்குள்ள பெரிய வானாய்வகத்தாலும் காண முடியாததைப் புதுச்சேரியின் இருப்பிடம் காட்டியது.

முக்கியத்துவம்

இரு விண்மீன்களும் ஒரே திசையில் தற்செயலாகத் தெரிகின்றனவா, உண்மையிலேயே இணைந்தவையா என்று அக்காலத்தில் தீர்மானிக்க இயலவில்லை. இரட்டை விண்மீன்கள் சில ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பதை வில்லியம் எர்செல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நிறுவினார். ஆல்ஃபா சென்டாரி இணை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆகின்றன. சுமார் 4.37 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இத்தொகுதியே சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் தொகுதி. இதன் மூன்றாம் உறுப்பான பிராக்சிமா 1915-இல் கண்டறியப்பட்டது.

சமயப் பணியோடு வானியலையும் மேற்கொள்ளும் இம்மரபு தொடர்கிறது. வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக 2025-இல் இந்தியரான இயேசு சபைக் குரு ரிச்சர்ட் டிசோசா பொறுப்பேற்றார்.

இன்று காண

மே, சூன் மாத இரவுகளில் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து தெற்கே நோக்கினால், அடிவானத்திலிருந்து சுமார் 17 பாகை உயரத்தில், தெற்குச் சிலுவைக்குக் கிழக்கே இவ்விண்மீனைக் காணலாம். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைச் சிறு தொலைநோக்கி இரண்டாகப் பிரித்துக் காட்டும்.