வேட்டை நாயும் வெடிச் சத்தமும்

ராஜபாளையம் நாய் எதற்கும் அஞ்சாது என்று பெயர் வாங்கிய இனம். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இந்த வெள்ளை நாயை, ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்து குடியேறிய ராஜுக்களோடு சேர்த்தே ராஜபாளையம் ஊர் வரலாறு பேசும்; 2005இல் அது அஞ்சல்தலையிலும் ஏறியது. அந்தப் பெயர்தான் தீபாவளியன்று அதற்குப் பகை என்பேன். பக்கத்துச் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1920களில்தான் தொடங்கியது, பட்டாசு அதன்பின் பெருகியது; நாயோ அதற்கு மூத்தது. வேட்டை நாய்க்கு வெடி ஒரு பயமா என்று கேட்கலாம். வேட்டையில் இரையின் வாசனை உண்டு, துணைக்கு நாய்கள் உண்டு, ஓட வெளியும் உண்டு. சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு இவற்றில் ஒன்றுமில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு விதித்த இரண்டு மணி நேர வரம்பு நாயை நினைத்து வந்ததல்ல. ஆனாலும் எப்போது உள்ளறையில் அடைக்கலாம் என்று அதனால் தெரிகிறது. (ஊர் முழுக்க அந்த நேரத்தை மதிக்கிறது என்று நம்புகிறவர் நம்பட்டும்.) இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத நாய்களும் உண்டு. அவற்றுக்குக் கவலையில்லை என்பதும் தவறு: மிரண்டு வெளியே ஓடினால் கூப்பிட்ட குரல் எட்டாது.

வெடியைவிட மார்கழிக் குளிர் இன்னும் அலட்சியப்படுத்தப்படுகிறது. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலுக்கு விடியுமுன் போகிறவர்கள் துண்டைப் போர்த்திக்கொள்கிறார்கள். மலையடிவாரப் பனி அப்படி. குட்டை மயிரும் மெலிந்த உடலும் வெயிலுக்கு ஏற்றவை, மார்கழிச் சிமெண்டுத் தரைக்கு அல்ல. அங்கே ஒரு சாக்காவது விரிக்க வேண்டும்.