சத்தம் போடாத அச்சு

மெக்கானிக்கல் படித்துவிட்டு பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் நான். படித்ததில் இன்னும் மறக்காமல் இருப்பது ரெண்டு மூணு விஷயம்தான். அதில் ஒண்ணு பேரிங். அமெரிக்காவில் படகைச் சுமந்துகொண்டு கார் பின்னாலேயே ஓடுமே ட்ரெய்லர், அதோட சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் பேரிங்கோட கதைதான் இந்தப் பதிவு. "இதிலெல்லாம் என்னய்யா வரலாறு?" என்று கேட்பவர்கள் ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்கள் :-)

சக்கரம் கண்டுபிடித்தது பெரிய விஷயம் என்று எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா சக்கரம் தரையில் உருண்டாலும், நடுவில் அச்சின் மேல் உரசிக்கொண்டுதான் இருக்கும். நம்ம மாட்டு வண்டியிலும் இதே கதைதான். குடத்துக்குள் வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மையைத் தடவி, சக்கரம் கழன்று ஓடாமல் கடையாணி போடுவார்கள். மை காய்ந்தால் அச்சு கத்தும். தெருவுக்கே கேட்கும். வண்டிக்காரர் இறங்கி மை போட்டே ஆகணும். இந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

உரசுவதை உருளுவதாக மாற்றினால் என்ன என்ற யோசனை ரொம்பப் பழசு. இத்தாலியில் நெமி என்று ஒரு ஏரி. அதன் அடியில் ரோமச் சக்கரவர்த்தி கலிகுலா காலத்து இரண்டு பெரிய கப்பல்கள் மூழ்கிக் கிடந்தன. 1928-லிருந்து 1932 வரை ஏரித் தண்ணீரை இறைத்து அவற்றை வெளியே எடுத்தபோது, சுழலும் மேடை ஒன்றின் அடியில் வெண்கல உருண்டைகள் பொருத்தியிருந்தது தெரியவந்தது. கப்பல்கள் 1944-ல் தீயில் எரிந்துபோயின. ஆனால் ஐடியா ரெண்டாயிரம் வருஷப் பழசு என்பது நிரூபணம் ஆகிவிட்டது.

லியொனார்டோ டா வின்சியின் மாட்ரிட் கையேட்டிலும் பேரிங் படங்கள் உண்டு. உருண்டைகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில், கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன், தன் மூன்றாவது கடிகாரத்தில் கூண்டுக்குள் வைத்த உருளைகளைப் பயன்படுத்தினார். 1794-ல் வேல்ஸ் நாட்டின் கார்மார்த்தனைச் சேர்ந்த பிலிப் வான் என்ற இரும்பு ஆலைக்காரர், வண்டி அச்சுக்கு குண்டு பேரிங் வைக்க காப்புரிமை வாங்கினார். 1869-ல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த சைக்கிள் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் குண்டு பேரிங் வைத்த வண்டியில் ஜெயித்தார். குண்டுகளை ஒரே அளவில் உருட்டிச் செதுக்கும் மெஷினை 1883-ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் செய்ததும், பேரிங் தொழிற்சாலைச் சரக்காக மாறியது.

ஆனால் கனமான வண்டிக்கு குண்டு மட்டும் பத்தாது. வண்டி நேராகப் போகும்போது பாரம் மேலிருந்து கீழே அமுக்கும். வளைவில் திரும்பும்போது பக்கவாட்டிலும் தள்ளும். இந்த ரெண்டையும் ஒரே பேரிங் தாங்கணும்.

இங்கேதான் நம்ம ஹீரோ வருகிறார். ஹென்றி டிம்கன். ஜெர்மனியில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, செயின்ட் லூயிஸில் குதிரை வண்டி செய்து பேர் வாங்கியவர். வண்டி ஸ்பிரிங் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்து நல்ல காசும் பார்த்துவிட்டார். ஓய்வெடுக்க வேண்டிய வயதில், 1898-ல், கூம்பு வடிவ உருளை பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த வருஷமே கம்பெனி. சில வருஷங்களில் அது ஒஹாயோவின் கேன்டனுக்குக் குடிபெயர்ந்தது.

கூம்பில் என்ன விசேஷம்? உருளைகள் சாய்வாக இருப்பதால் மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கத்திலிருந்து வரும் தள்ளலையும் சேர்த்தே தாங்கும். இன்னொன்று, தேய்ந்தால் நட்டை லேசாக இறுக்கி இடைவெளியைச் சரிசெய்துகொள்ளலாம். அதாவது, இந்த பேரிங்கைச் சரியாக வைக்க ஒரு மனிதக் கை வேண்டும். டிம்கன் கொடுத்த வசதியும் அதுதான், போட்ட நிபந்தனையும் அதுதான்.

சரி, படகுக்கு வருவோம். 1909-ல் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் படகின் பின்னால் மாட்டும் மோட்டாரை விற்க ஆரம்பித்தார். 1933-க்குப் பிறகு டென்னசி பள்ளத்தாக்கில் அணை மேல் அணை கட்ட, புதுப்புது ஏரிகள் உருவாயின. இரண்டாம் உலகப்போருக்குப் பின் லேசான ஃபைபர்கிளாஸ் படகுகளும், 1956 சட்டத்துக்குப் பின் பெரிய நெடுஞ்சாலைகளும் வந்தன. படகைக் கரையில் கட்டிப்போட்ட காலம் போய், வீட்டு வாசலில் நிறுத்தி வாரக்கடைசியில் இழுத்துப்போகும் காலம் வந்தது. டிம்கனின் கூம்பு உருளைகள் இப்படித்தான் தண்ணீருக்குள் இறங்கின. அவை அதற்காகப் பிறந்தவை இல்லை.

கொஞ்சம் ஃபிசிக்ஸ். ரெண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடிய ஹப் 60 டிகிரி சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரித் தண்ணீர் 15 டிகிரி. அப்படியே பின்னால் தள்ளி இறக்கினால், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 13 சதவீதம் குறையும். அந்த இடத்தை நிரப்ப, சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரப் பார்க்கும். தண்ணீர் புகுந்த கிரீஸ் பால் கலந்த காப்பி மாதிரி வெளுத்துப் போகும். உருளைகளில் துரு, துருவில் குழி, குழியில் சூடு. கடைசியில் சக்கரம் ஹப்போடு கழன்று அடுத்தவன் கார் மேல் விழலாம்.

போன கோடையில் மின்னசோட்டாவில் ஒரு அலுவலக நண்பர் தன் ட்ரெய்லரைப் பிரித்தபோது நானும் கிரீஸில் கை வைத்தேன். ஜாக் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, மூடியைத் தட்டி எடுத்து, பின்னை உருவி, நட்டைக் கழற்றினால் வெளி பேரிங் கையில் விழும். சீலை நெம்பினால் உள் பேரிங். கெரசினில் கழுவி வெளிச்சத்தில் பார்க்கணும். நீலம் பாரித்திருந்தால் சூடு பட்டது, புள்ளி புள்ளியாகக் குழி இருந்தால் தண்ணீர் பட்டது. மாற்றினால் பேரிங்கையும் அது உட்காரும் வெளி வளையத்தையும் ஜோடியாகத்தான் மாற்றணும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, உருளைகளுக்கு நடுவே மறுபக்கம் பிதுங்கும் வரை அமுக்கணும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்தி, புதுப் பின் போடணும். அந்தப் பின் வேறு யாருமில்லை, நம்ம கடையாணியின் பேரன்தான்.

இந்த அழுக்கு வேலையைக் குறைக்க ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடிகள் வந்தன. காற்று இருந்த இடத்தை கிரீஸால் நிரப்பி, லேசான அழுத்தத்தில் வைத்திருக்கும். தண்ணீர் உள்ளே வர இடமில்லை. நல்ல யோசனை. ஆனால் என்ன ஆச்சு? வெளியிலிருந்து ரெண்டு அமுக்கு கிரீஸ் அடித்துவிட்டு, "வேலை முடிஞ்சது" என்று போகிறவர்கள் உருவானார்கள். அளவுக்கு மீறி அடித்தால் பின்பக்க சீலே பிதுங்கிவிடும். உள் பேரிங்கில் குழி விழுந்திருந்தால் மூடி அதைச் சொல்லாது.

இப்போது மாட்டு வண்டிச் சத்தத்துக்கு வாங்க. உரசும் அச்சு பட்டினி கிடந்தால் ஊரைக் கூட்டும். உருளும் பேரிங் கடைசி நாள் வரை முடிந்தவரை உழைக்கும். சாகும்போது அதுவும் முனகும்தான். ஆனா ஜன்னலை ஏத்தி, ஏசி போட்டு, பாட்டு கேட்டுக்கொண்டு முன்னால் போகிறவனுக்கு அது எங்கே கேட்கும்? கலிகுலா காலத்திலிருந்து கஷ்டப்பட்டு உராய்வைக் குறைத்தோம், கூடவே எச்சரிக்கையையும் குறைத்துவிட்டோம்.

நான் பார்க்கும் சர்வர்களும் இந்த ஜாதிதான். சத்தம் போடுகிற மெஷினை எல்லாரும் கவனிப்போம். சத்தமே போடாததை வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார்க்கணும், எதுவும் ஆகாதபோதே.